கடலடியில் சத்தம் நின்ற வாரம்

எங்கள் வீட்டு மாடியறையில் ஜன்னலைத் திறந்தால் சம்பா வயல். மேசை மேல் இருக்கும் கணினியைத் திறந்தால் கடலின் தரை. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான். என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், அந்தமான் தீவுகளையும் தாண்டி, தண்ணீருக்கு அடியில் ஓர் எரிமலை இருக்கிறது, அது முனகுகிறதா முணுமுணுக்கிறதா என்று இங்கிருந்தபடியே ஒட்டுக்கேட்பதுதான் உத்தியோகம் என்றேன். கேட்டவர்கள் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதன்பிறகு "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துக்கொள்கிறேன்.

தீவுகளிலும் கடல் தரையிலும் வைத்திருக்கிற கருவிகள் நிலத்தின் அசைவைக் கோடுகளாக்கி அனுப்பும். அந்தக் கோடுகளை முதலில் ஒரு மென்பொருள் பார்க்கும். அதற்கு அவசர புத்தி. கப்பல் போனாலும் நிலநடுக்கம் என்று குறித்து வைக்கும், திமிங்கலம் குரல் கொடுத்தாலும் நிலநடுக்கம் என்று குறித்து வைக்கும். எது உண்மை, எது வெறும் அமளி என்று பிரித்து, உண்மையானவை எவ்வளவு ஆழத்தில் நடந்தன என்று சரிபார்ப்பது என் பங்கு. கல்லூரியில் நிலவியல் படித்த காலத்தில், கல்லே இல்லாத ஊரில் பிறந்துவிட்டு இதை ஏன்டி படிக்கிறாய் என்று தோழிகள் கேலி செய்வார்கள். நியாயமான கேலிதான். எங்கள் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும் மணலும்தான் வரும்.

எனக்குப் பகல் கனவு காணும் வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த வேலைக்கு வந்த பிறகு அதற்கும் சேர்த்துச் சம்பளம் கிடைக்கிற மாதிரி ஆகிவிட்டது. நடவு முடிந்த வாரங்களில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நாற்றின் நுனி மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் வானம். வெகுநேரம் கோடுகளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் எது வயல், எது கடல் என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. இந்த நிலமே ஆறு கொண்டுவந்து கொட்டியதுதான். ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல் இருந்திருக்கும். அந்தக் கடல் எங்கேயும் போய்விடவில்லை, வீட்டுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறது, அதற்கும் கீழே எங்கேயோ சிவப்பாக ஒரு வெளிச்சம் மெதுவாக ஏறி வருகிறது என்று மத்தியான வேளைகளில் தோன்றும். வெளிச்சம் ஏற ஏற நாற்று நுனியெல்லாம் லேசாக நடுங்கும். ஒரு கொக்கு எழுந்து பறக்கும். அப்புறம்தான் ஆறிப்போன காபி ஞாபகத்துக்கு வரும்.

அந்த வயலில் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர் என் கணவர். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். தண்ணீரோடு அவருக்கு இருக்கிற சிநேகம் என்னோடுகூடக் கிடையாது என்று நான் வம்புக்குச் சொல்வதுண்டு. ஆனால் கடல் என்றால் ஆகாது. நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் அன்றைக்குப் பார்த்து வயலில் ஏதாவது அவசர வேலை முளைக்கும். கடல் மீன் எங்கள் வீட்டுக்குள் வராது. குளத்து விராலும் வாய்க்கால் கெண்டையும்தான்.

காரணம் எனக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். சுனாமி வந்த அந்தக் காலையில் அவர் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தார்கள். அவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். கூட இருந்த தங்கை திரும்பி வரவில்லை. எங்கள் சாமி அலமாரியில், ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக, அவள் படம் இருக்கிறது. அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என் வேலையைப் பற்றி அவரும் கேட்டதில்லை. கடல், எரிமலை என்று நான் வாயைத் திறந்தால் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார்.

எங்கள் மகள் போன வருஷம் நாலாம் வகுப்பு. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடலில் கால் நனைத்துவிடலாம் என்கிற தூரத்தில் இருந்துகொண்டு அவள் கடலைப் பார்த்ததே இல்லை. வரையச் சொன்னால் கடலைப் பச்சையாக வரைவாள். கடல் நீலமா இருக்கும் என்று திருத்தினால், "நீ பாத்தியா?" என்பாள். பார்த்திருக்கிறேன், உன்னை விட்டுவிட்டுத்தான் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன வருஷம் சம்பா நடவு முடிந்த சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சுற்றுலா என்றார்கள். நாகூர், வேளாங்கண்ணி, மத்தியானம் கடற்கரை. அவள் நேராக அவள் அப்பாவிடம் போய் நின்றாள். "பாக்கலாம் பாப்பா" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. "நான் பேர் குடுத்துட்டேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அதே வாரத்தில் எரிமலை புரண்டு படுத்தது. வெறும் நூலாக ஓடிக்கொண்டிருந்த கோடுகளில் முடிச்சு முடிச்சாக நடுக்கங்கள் விழ ஆரம்பித்தன. எல்லாம் சின்னச் சின்னவை. நேர் மேலே கப்பலில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். முதலில் வெகு ஆழத்தில் இருந்தன. மறுநாள் கொஞ்சம் மேலே. அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு, மாக்மா என்கிறோமே அது, மேலே வருகிறபோது அப்படித்தான் நடக்கும். வழி இருந்தால் அதிலே ஏறும், இல்லாத இடத்தில் பாறையைப் பிளந்துகொண்டு ஏறும். ஒவ்வொரு பிளவும் ஒரு நடுக்கம். குழம்பை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. நடுக்கங்கள் படியேறி வருவதை வைத்துத்தான் அது வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியாத ஒரு கிறுகிறுப்பு. மதியம் கண்ணயர்ந்தால் வயல் தண்ணீருக்கு அடியில் அந்தச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. ரசத்தில் இரண்டு தரம் உப்பைப் போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒன் எரிமலைக்கு என்ன ஆச்சு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மெதுவாக, வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். "அன்னைக்கு வந்த மாதிரி அலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லங்க. அது கடலுக்கு அடியில ரொம்ப தூரத்துக்கு நெலமே பெசகினதால வந்தது. இது சின்னச் சின்ன விரிசல். அந்தக் கொழம்பு மேல வர்றதுக்கு வழி தேடுது, அவ்வளவுதான்."

அவர் சோற்றில் விரலால் ஒரு கோடு கிழித்தார். "வரப்புல நண்டு வளை வழியா தண்ணி கசியிற மாதிரி."

"அதேதாங்க!" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேலை அவருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டதே. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு தினமும் வயலிலிருந்து வந்து காலைக் கழுவும்போதே, "இப்ப எங்க வந்திருக்கு?" என்பார். மேட்டூரில் திறந்த தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று ஆனி மாதத்தில் ஊரே ஒருவரையொருவர் கேட்குமே, அதே குரல். நானும் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று சொல்கிற தோரணையில் பதில் சொல்வேன். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். எங்கோ ஒரு கடலுக்கு அடியில் ஏறிக்கொண்டிருந்த நெருப்பு எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

சுற்றுலாவுக்கு முந்தின நாள் காலையில் கோடுகள் மறுபடி நூலாகிவிட்டன. மத்தியானம் வரை காத்திருந்தேன், ஒரு முடிச்சுகூட இல்லை. வயலுக்கு ஓடினேன். அந்த வருஷம் அணையில் இருப்பு குறைவு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அன்றைக்கு எங்கள் முறை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விழும் மடைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், கண்ணை மூடிப் படுத்திருந்தார். மடையில் தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நின்னுடுச்சு! காலையிலேருந்து ஒரு சத்தம் இல்ல. பாப்பாவ அனுப்பிடலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "வேணாம். அனுப்ப வேணாம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. சத்தம் இருந்த நாளெல்லாம் சும்மா இருந்துவிட்டு, அடங்கின பிறகு வேண்டாம் என்றால் என்ன நியாயம் என்று கத்தினேன். அந்தப் பிள்ளை பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய் நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. மடையைக் காட்டினார்.

"இந்தா, நான் கண்ண மூடித் தூங்குறேன். இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் எனக்கு எந்திரிக்கணும்னு தோணாது. நின்னுச்சுன்னா தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பேன். ஏன்? மேல எங்கயோ கரை ஒடச்சுக்கிச்சு, தண்ணி வேற பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம். நண்டு வளைக் கசிவும் அப்படித்தான். கசியிற சத்தம் இருந்தா இன்னும் வழி தேடுதுன்னு அர்த்தம். திடீர்னு நின்னா, வழி கெடச்சிடுச்சுன்னு அர்த்தம். நீதானே சொன்ன, அது மாதிரின்னு?"

முறைத் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கிற ஊரில் பிறந்தவருக்குத்தான் அப்படித் தோன்றும். அவர் சொன்னதை முழுத் தப்பு என்று தள்ளவும் முடியவில்லை. நடுக்கம் நின்றால் பெரும்பாலும் குழம்பு ஏறுவதை நிறுத்தி அங்கேயே தங்கிவிட்டது என்று பொருள். ஆனால் திறந்த வழி கிடைத்துவிட்டால் பாறையைப் பிளக்க வேண்டிய தேவை இல்லை. அப்போதும் சத்தம் இராது. இரண்டில் எது என்று அன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

"அன்னைக்கு கடலும் மொதல்ல சத்தத்ததான் நிறுத்திச்சு" என்றார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி ஒரு தடவ மேல வந்து எல்லார் காலையும் நனச்சிட்டுப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் உள்ள போச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு. அலை இல்ல. கடல்ல சத்தமே இல்ல. கோயில் மைக்குல பாடுறது மட்டும் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. மணல்ல மீன் துள்ளுது. 'அண்ணா, மீனுண்ணா'ன்னு கைய உருவிக்கிட்டு ஓடுனா. நான் என்னடா இது, கடல் இப்படி அமைதியாயிடுச்சேன்னு வேடிக்க பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் வலது கையை மடித்து மடித்து விரித்தார். இத்தனை வருஷமாக அவர் பயப்படுவது அலைக்கு என்று நினைத்திருந்தேன். அலைக்கு முந்தின அந்த அமைதிக்குத்தான் பயந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மடையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

கொஞ்சம் அடங்கிய பிறகு சொன்னேன். "நின்னா என்ன அர்த்தம்னு எனக்கும் முழுசா தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு கடலுக்கு அடியில என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்க யாரும் இல்ல. இன்னைக்கு இருக்காங்க. அவ அங்க இருக்கற நேரம் பூரா நான் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். ஏதாவது ஒன்னுன்னா ஒடனே கூடப் போற மிஸ்ஸுக்கு போன் பண்ணிடுவேன்."

அவர் ஒரு கை சேற்றை அள்ளி வரப்பில் இருந்த வளை ஒன்றை அடைத்தார். அடுத்த வளையையும் அடைத்தார்.

"போயிட்டு வரட்டும்" என்றார். "ஆனா மிஸ்கிட்ட சொல்லு. தண்ணியில நிக்கிறப்ப கைய விடக்கூடாது."

மறுநாள் காலையில் அவளுக்கு அவர்தான் சடை பின்னினார். ரெட்டைச் சடை. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தாள், ஆனால் அவிழ்க்கவில்லை. பஸ் கிளம்பியதும் அவர் சாப்பிடாமலே வயலுக்குப் போய்விட்டார். நான் மாடியேறினேன்.

காலை முழுக்கக் கோடுகள் நூல் நூலாக ஓடின. ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறி, வயலும் வானமும் ஒன்றாகி, எனக்கு வழக்கமான மயக்கம் வந்தது. அந்தப் பச்சைக் கடலின் நடுவில் என் மகள் ஒரு கோணல் சடையோடு நடந்து போகிற மாதிரி இருந்தது. அவள் கால் பட்ட இடத்தில் தண்ணீர் சிவந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். திரையில் ஒரு முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

அவர்கள் கடற்கரைக்கு வந்திருக்கும் நேரம் அது. ஆழத்தைப் பார்த்தேன், கீழேதான் இருந்தது. அளவைப் பார்த்தேன், ஒன்றுமில்லாத அளவு. இந்த மாதிரி நடுக்கத்தை இதற்கு முன் ஆயிரம் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் படித்த படிப்பு, பார்த்த வேலை எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. நான் வெறும் அம்மாவாக இருந்தேன். மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன். வேறொரு அழைப்பு. மறுபடியும் அதே. எழுந்திரிக்க மாட்டேன் என்று சொன்ன நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வயலுக்கு ஓடினேன்.

அவர் வயலின் நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். காதில் போன். பேசவில்லை. கண்ணை மூடியிருந்தார். மடைக்குப் பக்கத்தில் படுத்திருப்பாரே, அதே முகம். நான் மூச்சிரைக்க வரப்பில் நின்று கத்தினேன்.

"மிஸ் போன் கெடைக்கவே மாட்டேங்குது! அங்க திரும்ப ஆரம்பிச்சிடுச்சுங்க!"

அவர் கண்ணைத் திறந்து, இரு என்று கை காட்டினார். "மிஸ் என்கூடத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. நான்தான் போட்டேன். பாப்பாகிட்ட குடுத்து, போன கடல் பக்கமா புடிக்கச் சொன்னேன். என்ன ஆரம்பிச்சிடுச்சு?"

"நடுக்கம். சின்னதுதான். ஆழத்துலதான்."

"சத்தம் வந்துடுச்சா?" அவர் முகம் மலர்ந்தது. நான் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அந்த மனிதர் முகம் மலர்கிறது. "அப்ப ஒடையல. இன்னும் வழிதான் தேடுது."

அது அப்படி இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வந்து போனை என் காதில் வைத்தார். கடல். ஓயாமல், இடைவெளியே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற இரைச்சல். பிள்ளைகளின் கூச்சல். அதற்குள் மிஸ்ஸின் குரல், "கைய விடாத, என் கையப் புடிச்சுக்க." எல்லாவற்றுக்கும் மேலே என் மகள், தொண்டை கிழிய.

"அப்பா, கேக்குதா? அப்பா!"

என் நடுக்கம் அப்போதுதான் நின்றது. போனை அவரிடம் கொடுத்தேன். அவர் மறுபடி காதில் வைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"கேக்குது பாப்பா. நிக்காம கேக்குது."

அங்கிருந்து அவள் ஏதோ கேட்டாள். இரைச்சலுக்கு நடுவில் எனக்கும் கேட்டது. மிஸ் போன் வேணுங்கறாங்க, வெச்சிடட்டுமா என்றாள்.

"வெக்காத" என்றார் அவர். "மிஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னும் கொஞ்ச நேரம்."